ஆசிட் டேங்கர் சோதனையில் பிடிபட்டால்: முதலில் லாரி, பிறகு காகிதம், கடைசியில் கோர்ட்

கேள்வி சுருக்கமாக இது. மேட்டூரிலிருந்து திருப்பூர்ச் சாயப்பட்டறைக்கு 10 கிலோலிட்டர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஏற்றிப்போன டேங்கரை, பெருந்துறைக்கு அருகே மோட்டார் வாகன ஆய்வாளர் நிறுத்தி மூன்று குறைகள் எழுதியிருக்கிறார். டிரைவரின் லைசென்ஸில் அபாயச் சரக்குக்கான தேதி முடிந்து 5 வாரம் ஆகிவிட்டது. டேங்கின் ஒரு பக்கப் பலகையில் போன லோடான காஸ்டிக் லையின் (காஸ்டிக் சோடா கரைசல்) பெயரும் எண்ணும் அப்படியே இருக்கின்றன. கேபினில் ட்ரெம் கார்டு, அதாவது சரக்கின் அபாயத்தையும் விபத்தில் செய்ய வேண்டியதையும் சொல்லும் அட்டை, இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, லோடோடு லாரியை வளாகத்தில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இரண்டு டேங்கர் வைத்திருக்கும் உரிமையாளர் கேட்கிறார்: அபராதத்தைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடலாமா?

இந்தப் பிரிவில் அப்படிக் கட்டி எடுக்க வழியில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது வேறு. ஏறத்தாழ பதினொன்றரை டன் ஆசிட் வெயிலில் நிற்கிறது. பக்கத்தில் பயிற்சித் தேதி முடிந்த ஒரு டிரைவர் மட்டும் இருக்கிறார். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல நாள் கிடைக்கும். வால்வ் கசிய ஆரம்பித்தால் நேரம் கிடைக்காது.

இன்றே, அடுத்த சில மணி நேரத்துக்குள், இவற்றைச் செய்யுங்கள். அபாயச் சரக்குக்கான லைசென்ஸ் நடப்பில் உள்ள இன்னொரு டிரைவரை லாரி நிற்கும் இடத்துக்கு அனுப்புங்கள். பழைய டிரைவரை உடனே ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். எந்த வால்வ் எப்படி இருக்கிறது, லோடு எத்தனை மணிக்கு ஏறியது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 133-வது விதிப்படி, அபாயச் சரக்கு ஏற்றிய வண்டி நிற்கும்போதும் டிரைவரோ, விஷயம் தெரிந்த 18 வயதுக்கு மேற்பட்ட வேறொருவரோ அதைக் கண்காணிக்க வேண்டும். வளாகத்தில் விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனால் அது நான்காவது மீறல்.

புது டிரைவர் போனதும் கீழ் வால்வின் முனையில் மூடித் தட்டு போல்ட் எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா, ஃபிளாஞ்ச் இணைப்பில் ஈரம் தெரிகிறதா, மேன்ஹோல் கேஸ்கெட் ஓரம் வெள்ளைப் புகை வருகிறதா என்று பார்க்கட்டும். காற்று வரும் திசையிலிருந்து அணுக வேண்டும். 30 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆசிட், மூடியைத் திறந்தாலே புகையும். பிறகு ஆய்வாளருக்கு எழுத்தில் ஒரு கோரிக்கை கொடுங்கள்: சரக்கின் பெயர், அதை உலகெங்கும் அடையாளம் காட்டும் ஐ.நா. எண் 1789, அளவு, புது டிரைவரின் லைசென்ஸ் நகல், சரியான பலகையின் படம், ட்ரெம் கார்டு நகல் எல்லாம் இணைத்து, லோடை இறக்க வேண்டிய இடத்துக்கோ அனுப்பிய ஆலைக்கோ கொண்டுபோக அனுமதி கேளுங்கள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வண்டியைத் தடுத்துவைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 207-வது பிரிவு அதிகாரம் தருகிறது. ஆவணங்களைக் காட்டி விடுவிக்கக் கோரவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. குறை சரிசெய்யப்பட்டது என்று கண்ணால் பார்த்தால், ஆசிட் லாரியைத் தன் வளாகத்தில் வைத்துக்கொள்ள எந்த அதிகாரியும் விரும்பமாட்டார்.

வேறு டேங்கர் கொண்டுவந்து அங்கேயே பம்ப் வைத்து மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். கசியாத டேங்கை ரோட்டோரத்தில் திறப்பதைவிட மூடியபடி ஓட்டிப்போவது பல மடங்கு பாதுகாப்பு. டேங்க் பழுதானால் மட்டும், ஆசிட் தயாரித்த ஆலையின் ஆட்களும் தீயணைப்புத் துறையும் இருக்கும்போது மாற்றலாம்.

கசிவு இருந்தால் என்ன என்பதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 32 சதவீத ஆசிட் ஒரு லிட்டரை நடுநிலையாக்க ஏறத்தாழ 540 கிராம் சோடா சாம்பல் அல்லது 380 கிராம் நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். 50 கிலோ சுண்ணாம்பு மூட்டை ஒன்று காகிதக் கணக்கில் 130 லிட்டருக்கு வரும். நடைமுறையில் அதற்கும் குறைவுதான். ஆகவே வண்டியில் இருக்கும் மூட்டை சொட்டும் வால்வுக்கு உதவும். கவிழ்ந்த டேங்குக்கு உதவாது. மணலால் சுற்றி அணை கட்டி, ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சோடா சாம்பல் நுரைத்துப் பொங்கும். சுட்ட சுண்ணாம்பைக் கட்டியாகப் போடவே கூடாது, சூடேறித் தெறிக்கும். "ஆசிட்டுக்குக் காஸ்டிக்தானே மாற்று" என்று காஸ்டிக் சோடாவை அள்ளிப் போடுவதும் அதே அளவு ஆபத்து. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். சாதாரணத் துணி முகமூடி இந்தப் புகையைத் தடுக்காது.

இனி மூன்று குறைகளுக்கு வருவோம். நோட்டீஸில் மூன்றும் ஒரே பிரிவில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். மூன்றின் கனமும் ஒன்றில்லை. பெரும்பாலான உரிமையாளர்கள் லைசென்ஸைத்தான் பெரிதாக நினைப்பார்கள். பலகையைச் "ஸ்டிக்கர் விஷயம்" என்று தள்ளிவிடுவார்கள். எனக்குப் பலகைதான் கவலை தருகிறது.

ஏனென்றால் போன லோடு காஸ்டிக் லை, இந்த லோடு ஆசிட். பலகையை மாற்றாதவர்கள் நடுவில் டேங்கைக் கழுவினார்களா என்ற கேள்வி உடனே எழுகிறது. 48 சதவீத லை வெறும் 50 லிட்டர் அடியில் தங்கியிருந்தால் அதில் 36 கிலோ காஸ்டிக் இருக்கிறது. அதன்மேல் ஆசிட் இறங்கினால் வெளிவரும் சூடு 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. நிரப்பும்போது மேன்ஹோல் திறந்திருக்கும். மேலே ஒரு ஆள் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பொங்கித் தெறிப்பது அவர் முகத்தில். பழைய பலகை, இப்படி ஒரு விபத்துக்கு வழி திறந்திருந்தது என்பதற்கான அடையாளம். அதனால் டேங்க் கழுவிய சீட்டு இருக்கிறதா, எங்கே, எந்தத் தேதியில் கழுவினார்கள், கழுவிய நீர் எங்கே போனது என்று முதலில் தேடிப்பாருங்கள். இல்லையென்றால் இனி லோடு மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சீட்டு இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்று முடிவெடுங்கள். முடிந்தால் ஒரு டேங்கர் ஆசிட்டுக்கு, ஒரு டேங்கர் லைக்கு என்று நிரந்தரமாகப் பிரித்துவிடுங்கள். காலி நடை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

இரண்டுமே அபாயச் சரக்கு வகைப்பாட்டில் 8-ஆம் வகுப்பு, அரிக்கும் பொருள். விபத்தில் முதலில் என்ன செய்வது என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்லும் ஹாஸ்கெம் குறிகூட இரண்டுக்கும் 2ஆர் என்ற ஒன்றுதான். அதனால் பெரிய தவறில்லை என்று வாதாடத் தோன்றும். அந்தக் குறியைப் படிக்கத் தெரிந்தால் ஏன் இது தவறு என்று புரியும். முதல் எண் எதைக் கொண்டு அணுகுவது என்று சொல்கிறது: 1 என்றால் பெரிய துளியாகத் தண்ணீர், 2 என்றால் மெல்லிய தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்ந்த பொருள், தண்ணீர் படக் கூடாது. அடுத்த எழுத்து ஆட்கள் என்ன உடுத்த வேண்டும், சிந்தியதைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யலாமா, பரவாமல் அடக்க வேண்டுமா என்பதைச் சொல்கிறது. ஆர் என்றால் ரசாயனம் புகாத முழு உடை, மூச்சுக் கருவி, நீர்க்கச் செய்யலாம். கடைசியில் ஈ இருந்தால் சுற்றுப்புற மக்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும், பெட்ரோலுக்கு 3ஒய்ஈ. ஆக, முதல் பத்து நிமிடத்துக்கு 2ஆர் போதும். அதற்குப் பிறகுதான் பெயரும் எண்ணும் வேலைக்கு வரும். லையின் ஐ.நா. எண்ணான 1824-ஐப் படித்தவர் உள்ளே லை என்று நினைப்பார். புகை மூட்டத்தை எதிர்பார்க்கமாட்டார். நடுநிலையாக்க அவர் தேடுவதும் நேர் எதிரான பொருள். காற்று வீசும் பக்கம் ஒரு தெரு இருந்தால் அந்த வித்தியாசம் பெரிது.

பலகைக்கான அளவுகள் 134-வது விதியில் இருக்கின்றன. இரண்டு பக்கவாட்டு, ஒரு பின்பக்கம் என மூன்று இடம். சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில். எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல். வகுப்புச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல். அவசர சேவையின் பெயரும் தொலைபேசியும் 50 மில்லிமீட்டரில். சரக்கை அனுப்பியவர் அல்லது நிபுணர் ஒருவரின் பெயர், தொலைபேசி. பெயிண்ட் அடித்த நிரந்தரப் பலகைக்குப் பதிலாகக் கழற்றி மாட்டும் அலுமினியத் தட்டு வைத்து, தாழ்ப்பாள் போட்டால் பாதித் தவறு குறையும். ஒரு சரக்குக்கு மூன்று தட்டு கொண்ட ஒரு கட்டு. கழற்றியதும் மூன்றையும் எண்ணி ஒரே பையில் போட வேண்டும். உங்கள் லாரியில் நடந்தது போல இரண்டை மாற்றி ஒன்றை விட்டுவிடுவதுதான் எப்போதும் நடப்பது. டீசல் டேங்குக்கும் ஏணிக்கும் பின்னால் இருக்கும் பக்கம்தான் மறக்கும்.

பலகையில் எழுதிய அந்தத் தொலைபேசி எண்ணை நீங்களே ஒரு இரவு 2 மணிக்கு அழைத்துப் பாருங்கள். ஆலையின் அலுவலக எண்ணாக இருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள். 2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் எல்பிஜி ஏற்றிவந்த டேங்கர் இழுவை லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்து கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் இடைவிடாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள், அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கசிவை அடைத்து கிரேன் வைத்துத் தூக்கினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்று தெரிந்திருந்ததால்தான் இத்தனை முடிவுகளையும் வேகமாக எடுக்க முடிந்தது. பெயர் தெரியாத டேங்கில் இதில் எதையும் தொடங்கவே முடியாது.

லைசென்ஸ் விஷயம். அபாயச் சரக்கு ஓட்டுபவருக்கு 9-வது விதி மூன்று வேண்டும் என்கிறது: போக்குவரத்து வாகன லைசென்ஸ், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல், மாநில அரசு அங்கீகரித்த நிறுவனத்தில் 3 நாள் பயிற்சி. முதல் இரண்டு நாள் தற்காப்போடு ஓட்டுவதும் மேம்பட்ட ஓட்டுத் திறனும், மூன்றாம் நாள் சரக்கின் பாதுகாப்பு. 2019 திருத்தத்துக்கு முன்பு இந்தத் தகுதி ஒரு வருடம்தான் செல்லும். இப்போது 3 வருடம். சாதாரணப் போக்குவரத்து லைசென்ஸ் 5 வருடம். தவறு பிறப்பது இந்த இடைவெளியில்தான். அட்டையில் போக்குவரத்துத் தேதி ஒன்று, அபாயச் சரக்குத் தேதி தனியாக இன்னொன்று. உரிமையாளர் பெரிய தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பார். தேதி முடிந்த பிறகு 30 நாள் செல்லும் என்ற பழைய சலுகையும் அதே திருத்தத்தில் போய்விட்டது. ஆகவே "5 வாரம்தானே" என்பது எங்கும் எடுபடாது.

தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்கும்போது ஒரு நாள் மறுபயிற்சி. உட்காராமலே சான்றிதழ் வாங்கித் தரும் ஆட்கள் எல்லா ஊரிலும் கிடைப்பார்கள். அந்த வழியில் போகாதீர்கள். அந்த மூன்றாம் நாள் வகுப்பில்தான் ஒரு டிரைவர் முதல்முறையாக ட்ரெம் கார்டை வரி வரியாகப் படிக்கிறார். அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு, லாரி கவிழும்போது அவர் சரியாக நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

ட்ரெம் கார்டு கொடுக்க வேண்டியது யார் என்பதில் பலருக்கும் குழப்பம். 131-வது விதிப்படி சரக்கை அனுப்புபவர் அதன் அபாயம் பற்றிய முழுத் தகவலை லாரி உரிமையாளருக்குத் தர வேண்டும். 132-வது விதிப்படி உரிமையாளர் அந்தத் தகவல் சரிதானா என்று பார்த்து, எழுத்தில் டிரைவருக்குத் தர வேண்டும். 133-வது விதிப்படி டிரைவர் அதைக் கேபினில், எடுக்கும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். மூவரில் யார் கையில் சங்கிலி அறுந்தது என்று கண்டுபிடியுங்கள். ஆலை கொடுத்து நீங்கள் அலுவலகக் கோப்பில் வைத்துக்கொண்டீர்கள் என்றால் தவறு உங்களுடையது. டிரைவர் தலையில் கட்டாதீர்கள். ஆலை கொடுக்கவே இல்லை என்றால், கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தத் தேதியும் பதிலும் பிறகு உதவும்.

ஆர்.சி., இன்சூரன்ஸ் போன்றவற்றைக் கைபேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டலாம். ட்ரெம் கார்டைக் கைபேசியில் வைத்திருப்பது பயன் தராது. விபத்தில் டிரைவர் மயங்கிக் கிடந்தால் அவருடைய கைபேசியைத் திறந்து யார் படிப்பார்கள்? அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, கதவுப் பையில் வையுங்கள். டிரைவர் தமிழ் படிப்பவர் என்றால் தமிழிலும், வட இந்தியர் என்றால் இந்தியிலும், தீயணைப்பு வீரருக்காக ஆங்கிலத்திலும் இருக்கட்டும். கொடுத்ததற்கு லோடு வாரியாக டிரைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். போன லோடின் கார்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள். கேபினில் ஐந்தாறு கார்டு இருந்தால் அது ஒன்றும் இல்லாததற்குச் சமம்.

பில்லையும் பாருங்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் ஹெச்எஸ்என் எண் (ஜிஎஸ்டி பில்லில் எழுதும் சரக்குக் குறியீடு) 2806, காஸ்டிக் சோடாவுக்கு 2815, சல்ஃபியூரிக் ஆசிட்டுக்கு 2807. இ-வே பில்லில் ஒன்று, பலகையில் இன்னொன்று, ட்ரெம் கார்டில் வேறொன்று என்று இருந்தால் ஆய்வாளர் முதலில் சந்தேகிப்பது மறைத்து ஏற்றும் வேலையைத்தான். "டையிங் கெமிக்கல்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிய பில்லோடு லோடு ஏற்றாதீர்கள். அது அனுப்புபவரின் சௌகரியம். அதன் விலையைக் கொடுப்பது நீங்களும் உங்கள் டிரைவரும்.

நோட்டீஸில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த சோதனையில் அது வரக்கூடும்: எடை. ஒரே 10 கிலோலிட்டர் டேங்கில் 32 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 11.6 டன். 48 சதவீத லை 15 டன். 98 சதவீத சல்ஃபியூரிக் ஆசிட் 18.4 டன். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 18.5 டன். ரப்பர் பூச்சு டேங்கோடு காலி எடை 6.5 டன் என்று வைத்தால் 12 டன்தான் மிச்சம். அதாவது ஆசிட்டுக்கு முழு டேங்க் சரி. லைக்கு 8 கிலோலிட்டரோடு நிறுத்த வேண்டும். முழு டேங்க் லை என்றால் 3 டன் அதிகம். 194-வது பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும். எடைக்காகப் பாதி நிரப்பினால் வேறு பிரச்சினை. உள்ளே திரவம் அலையடித்து வளைவில் லாரியைக் கவிழ்க்கும். தடுப்புத் தட்டு இல்லாத பெரிய டேங்கில் 20 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் இடையில் நிரப்புவதை ஐரோப்பிய விதிகள் தடுப்பது இதனால்தான். கனமான சரக்குக்குச் சின்ன டேங்க்தான் சரியான தீர்வு.

இப்போது கோர்ட். 190(3) பிரிவு ஓட்டியவரை மட்டும் பிடிப்பதில்லை; ஓட்டவைத்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அதில் வருகிறார்கள். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதமும் 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த தடவை 20,000 ரூபாய் அல்லது 3 வருடம் வரை சிறை அல்லது இரண்டும். சோதனை அதிகாரியிடமே பணம் கட்டித் தீர்த்துக்கொள்ளக்கூடிய குற்றங்களை 200-வது பிரிவு பட்டியலிடுகிறது. 190-இல் இரண்டாம் உட்பிரிவு மட்டும்தான் அதில் இருக்கிறது. மூன்றாம் உட்பிரிவு நீதிமன்றத்துக்குத்தான் போகும். தேதி முடிந்த லைசென்ஸுக்காக டிரைவர் மேல் 181, ஓட்டக் கொடுத்ததற்காக உங்கள் மேல் 180 சேரலாம். இரண்டிலும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

இதில் உண்மையான இழப்பு 10,000 ரூபாய் இல்லை. டிரைவருக்கு மூன்று மாதம் பிழைப்பு போகும். உங்களுக்கு முதல் தண்டனை என்று ஒரு பதிவு விழும். அடுத்த சின்னத் தவறும் இரண்டாம் தடவைக் கணக்கில் போகும். ஆகவே முதல் தேதியிலேயே "ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்" என்று கிளம்பாதீர்கள். மோட்டார் வாகன வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் நோட்டீஸைக் காட்டி, ஒவ்வொரு குறைக்கும் எந்த விதி எண் குறிப்பிடப்பட்டிருக்கிறது, யார் மேல் எழுதப்பட்டிருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள். உங்களுக்கும் டிரைவருக்கும் நலன் ஒன்றுபோல இருக்காது. தனி வழக்கறிஞர் தேவைப்பட்டால் அவருக்கு நீங்களே ஏற்பாடு செய்வது நியாயம். நோட்டீஸ் நாளிலேயே எடுத்த படங்கள், அன்றே பலகையைச் சரிசெய்ததற்கான படம், டிரைவரின் மறுபயிற்சிச் சான்று, டேங்க் கழுவிய சீட்டு, ஆலைக்கு எழுதிய கடிதம், அடுத்த மாதங்களில் லோடு வாரியாக வாங்கிய கையெழுத்துகள் ஆகிய எல்லாவற்றையும் தேதி வரிசையில் கோத்துவையுங்கள். தண்டனையின் அளவை முடிவுசெய்யும்போது இது பேசும்.

முன்தேதி போட்ட ட்ரெம் கார்டோ பயிற்சிச் சான்றோ தயாரிக்க வேண்டாம். இ-வே பில்லில் நேரம் இருக்கிறது, லைசென்ஸ் விவரம் அரசின் சாரதி இணையதளத்தில் இருக்கிறது, ஆலை வாசலில் கேமரா இருக்கிறது. ஒரு மோட்டார் வாகன வழக்கை ஆவண மோசடி வழக்காக மாற்றிக்கொள்வதைவிட மோசமான யோசனை இல்லை.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இப்போதே எழுதிக் கேளுங்கள்: பாலிசியில் அபாயச் சரக்கு சேர்ந்திருக்கிறதா? சேராமல் விபத்து நடந்தால், இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும் நிலை வரலாம். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991-இன்படி தனிப் பாலிசி வேண்டுமா என்பது சரக்கையும் அளவையும் பொறுத்தது. நீங்கள் ஏற்றும் எல்லாச் சரக்கின் பட்டியலையும் கொடுத்துக் கேளுங்கள்.

சின்ன வண்டிக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பூர், ஈரோடு பக்கம் டேங்கரில் வந்த ஆசிட்டை கேனில் பிடித்து, சிறு சரக்கு வண்டியில் பட்டறை பட்டறையாக விடும் பழக்கம் உண்டு. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்றது. அபாயச் சரக்கு வண்டிகளுக்கான தனித் தகுதி தொடரும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அந்த வண்டிகளில் இன்னொரு பழக்கம் உயிரையே வாங்கும்: ஆசிட் கேனையும் பிளீச்சிங் திரவக் கேனையும் சேர்த்து அடுக்குவது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய வண்டியில் இரண்டு கேன் சாய்ந்தாலே போதும்.

திரும்பி வரும்போது காலியாக வருவானேன் என்று ஏதாவது ஆலையிலிருந்து பயன்படுத்திய ஆசிட்டை ஏற்றினால் அது வேறு சட்டம். அபாயகரக் கழிவு விதிகள் 2016-இன்படி படிவம் 10, ஏழு நிறப் பிரதிகள். வெள்ளை அனுப்புபவரிடமிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மஞ்சள் நீங்கள் கையெழுத்திட்டு அவரிடமே. மற்ற ஐந்தும் லாரியோடு போகும். அதில் ஆரஞ்சுப் பிரதி, இறக்கிய இடத்திலிருந்து உங்களுக்குத் திரும்பிவர வேண்டியது. அது வரவில்லையென்றால் கழிவு எங்கே போனது என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் இந்த லோடைத் தொடாதீர்கள்.

வண்டியை மீட்டதும் அடுத்த லோடுக்கு முன் பட்டறைக்கு விடுவீர்கள். தீப்பொறித் தடுப்பான் சைலன்சரில் இருக்கிறதா என்று பாருங்கள். 129ஏ விதி எல்லா அபாயச் சரக்கு வண்டிக்கும் அதைக் கேட்கிறது, மெக்கானிக்குகள் கரி அடைக்கிறது என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். தடம் காட்டும் கருவி ஓடுகிறதா, கீழ் வால்வின் கேஸ்கெட் ஆசிட் தாங்கும் வகையா, சாதாரண ரப்பர் ஷீட்டில் வெட்டியதா என்று கழற்றியே பாருங்கள். ரப்பர் பூச்சில் ஊசித் துளை இருக்கிறதா என்று மின்பொறிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். பூச்சு விட்ட இடத்தில் ஆசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் பிறக்கும், அது காலி டேங்கின் மேற்பகுதியில் தங்கும். டேங்கைத் தண்ணீர் நிரப்பிக் காலிசெய்து, வாயு அளக்கும் கருவியால் பார்த்து, வாயு இல்லை என்ற சான்று கையில் வந்த பிறகுதான் எந்த வெல்டரையும் அதன் பக்கத்தில் விட வேண்டும். ஏணிக்கு ஒரு சின்ன டாக் வெல்டு வைப்பதாக இருந்தாலும்.